நம்பிச் சுட முடியாத துப்பாக்கியை என்ன செய்வது? பழைய உரிமத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

தாத்தா பெயரில் இருந்து அப்பா பெயருக்கு வந்த 12 போர் (குழலின் உள் அளவு) இரட்டைக்குழல், பன்றிக் காவலுக்கு என்று மலைத்தோட்டத்தில் கிடக்கும் ஒற்றைக்குழல், லாக்கரில் துணி சுற்றிய .32 ரிவால்வர். நம் ஊரில் உரிமத்தோடு இருக்கும் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் போடுவதோடு சரி. இரண்டு முறை விசையை இழுத்தால் ஒரு முறை வெடிக்கும், மூடினால் லேசாக ஆடும், குதிரையை (விசை இழுத்ததும் விழுந்து தட்டும் சுத்தி) ஏற்றினால் தானே விழும். "பழசுதானே, வெடிக்கவா போகிறது" என்று அதை அலட்சியமாக வைத்திருப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அது முழுத் துப்பாக்கி. கையில் எடுப்பவருக்கோ நல்ல துப்பாக்கியைவிட ஆபத்தானது, ஏனென்றால் எப்போது வெடிக்கும் என்பதை விசை முடிவு செய்வதில்லை.

இரும்புக்கு முன் காகிதம்

துப்பாக்கியை மேசையில் வைப்பதற்கு முன் உரிமப் புத்தகத்தை வையுங்கள். உரிமம் காலாவதியாகியிருந்தால், பழுதுபார்க்க எடுத்துச் செல்வதே குற்றமாகிவிடும்.

உரிமத்தின் காலம் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டுகள். அதற்கு முன் 3. கடைசித் தேதியைப் பாருங்கள். அடுத்து, துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணும் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழைய உள்ளூர்த் தயாரிப்புகளில் 3-ம் 8-ம் தேய்ந்து ஒன்றுபோல் தெரியும். எண்ணே தெரியவில்லை என்றால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். ஆயுதச் சட்டம் 1959-இன் 8-ஆம் பிரிவு, அடையாளம் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று அனுமானிக்கிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்கவும் முடியாது. இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, உரிமம் தரும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். மாவட்டங்களில் அது ஆட்சியர் அலுவலகம், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம்.

எத்தனை துப்பாக்கி என்பதும் முக்கியம். முன்பு ஒருவர் 3 வைத்திருக்கலாம். 2019 டிசம்பர் முதல் 2 மட்டுமே. பரம்பரையாக வந்தது என்று சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது. மூன்றாவதை ஒப்படைக்க ஓர் ஆண்டு அவகாசம் தரப்பட்டது, அது எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் மூன்று இருந்தால், எது நல்லது எது கெட்டது என்ற ஆராய்ச்சியைக்கூட வழக்கறிஞரைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்குத் தண்டனை இப்போது குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை.

உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி "வீட்டில் இருக்கிறது" என்பதே சட்டப்படி இடறல். 21-ஆம் பிரிவின்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ வைப்பில் கொடுக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். இவ்வளவு அலைச்சலைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வாரிசு பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வாங்க வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வேண்டும். அண்ணன் தம்பி சண்டையில் பத்து வருடம் காவல் நிலையத்தில் துருப்பிடிக்கும் துப்பாக்கிகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கடிதம்தான் காரணம்.

உள்ளே ஏதாவது இருக்கிறதா?

இரட்டைக்குழலைத் திறந்தால் தெரிந்துவிடும். வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியில்தான் சிக்கல். சுவரில் ஐம்பது ஆண்டு தொங்கியது உள்ளே கெட்டித்த நிலையிலேயே இருக்கலாம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் கெடுவதில்லை. முதலில் நிப்பிளில் (குழலின் பின்முனையில் குதிரை வந்து தட்டும் சிறு முளை) கேப் (தட்டினால் தீப்பொறி தரும் சிறு மூடி) மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, குதிரையைக் கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல ஏற்றி, கேப்பை எடுங்கள்.

பிறகு மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, வாய் விளிம்பு வரும் இடத்தில் குச்சியில் கோடு போடுங்கள். குச்சியை எடுத்துக் குழலுக்கு வெளியே, கோட்டை வாய் விளிம்போடு ஒட்டி வைத்துப் பாருங்கள். மறுமுனை நிப்பிள் இருக்கும் இடம் வரை வர வேண்டும். ஐந்து, ஆறு செ.மீ. குறைந்தால் உள்ளே மருந்தும் தக்கையும் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியால் குத்துவது, துளையிடுவது, சூடாக்குவது எதுவும் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுகாரரையோ காவல் நிலையத்தையோ அழைத்து, கெட்டித்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் விதத்தில் மட்டும் நகர்த்துங்கள்.

எந்தத் துப்பாக்கியானாலும் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரும்புப் பெட்டிக்கு வெளியே வைத்தவற்றில் குளவி மண்கூடு கட்டியிருப்பது சாதாரணம். அந்தக் கைப்பிடி மண்ணே குழலை வெடிக்க வைக்கப் போதும்.

எங்கே கெட்டிருக்கிறது? மேசைச் சோதனை

தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். தேவையானவை: இரண்டு டம்மி தோட்டா (ஸ்னாப் கேப்), டார்ச், சாதாரண எழுதுதாள், தொங்கு தராசு, ஒரு சுத்தமான குழல் கம்பி.

1. முன்கட்டையை (குழலுக்கு அடியில் உள்ள மரப்பிடி) கழற்றிவிட்டு, மூடிய நிலையில் குழலை ஒரு கையாலும் பின்கட்டையை மறு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் ஸ்பிரிங் ஆட்டத்தை மறைத்துவிடும். விற்பவர்கள் மாட்டியே காட்டுவதற்கும் அதுதான் காரணம். ஆடினால் கீல் முளை தேய்ந்திருக்கிறது.

2. மூடிய துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகத்துக்கும் உடற்பகுதிக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தாளை இடையில் வைத்து மூடுங்கள். தாள் சுலபமாக உருவி வந்தால் அதில் தோட்டா போடக் கூடாது.

3. குழலை மட்டும் தனியே கழற்றி, அடிக்கொக்கியை விரலில் மாட்டித் தொங்கவிட்டு, மரத்துண்டால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. செத்த ஓசையோ கரகரப்போ வந்தால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை விட்டுப் போயிருக்கிறது. அதன் அடியில் ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துரு தின்றுகொண்டிருக்கும்.

4. குழலின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட, தூரத்து ஜன்னல் விளிம்பைக் குழல் வழியே பார்ப்பது மேல். உட்சுவரில் வளையம்போல் ஒரு நிழல் தெரிந்தால் அந்த இடம் வீங்கியிருக்கிறது. துருக்குழிகளை எண்ணுவதில் பயனில்லை. அவை இருக்கும் இடத்தில் சுவர் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் அந்தக் குழலைத் துப்பாக்கிப் பழுதுகாரர்கள் கழித்துவிடுவார்கள். இதை அளக்கத் தனிக் கருவி வேண்டும், வீட்டில் முடியாது.

5. டம்மி தோட்டா போட்டு, குதிரை ஏற்றி, சேஃப்டியை மாட்டி விசையை இழுத்து விடுங்கள். இப்போது சேஃப்டியை விடுவியுங்கள். "டக்" என்று குதிரை தானே விழுந்தால், அதை ஏற்றிய நிலையில் பிடித்து நிறுத்தும் பிடிபற்று தேய்ந்திருக்கிறது. பெரும்பாலான இரட்டைக்குழல்களில் சேஃப்டி விசையை மட்டும்தான் தடுக்கும், குதிரையை அல்ல. சேஃப்டி போட்டிருக்கிறேன் என்ற நிம்மதி அங்கே பொய்.

6. சேஃப்டி இல்லாமல் ஏற்றி வைத்து, பின்கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். விழக் கூடாது. ஒரு குழலின் குதிரையை விடும்போது மற்றதும் சேர்ந்து விழுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வெடித்தால் தோளில் பலத்த உதை விழும்.

7. விசையில் தராசுக் கொக்கியை மாட்டி இழுத்து, எந்த எடையில் விடுகிறது என்று குறியுங்கள். 1.6 முதல் 2 கிலோ வழக்கமானது. 1.3 கிலோவுக்குக் கீழே விட்டால் யாரோ பிடிபற்றைத் தேய்த்திருக்கிறார்கள்.

ரிவால்வருக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது சுழல் உருளை. காலியாக்கிய பின் குதிரையை மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். சற்று முன்னோ பின்னோ நின்றால், குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் சிதறும். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து. தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியைத் தடுக்கும் பட்டை இல்லாத பழைய மாதிரிகள், தவறிக் குதிரை மேல் விழுந்தாலே வெடிக்கும்.

வெடிக்காத தோட்டா என்ன சொல்கிறது

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், வாயைப் பாதுகாப்பான பக்கமே வைத்து 30 விநாடி முழுதாகக் காத்திருங்கள். வாய்வழி கெட்டிப்பதில் குறைந்தது ஒரு நிமிடம். தாமதித்து வெடிப்பது பழைய தோட்டாவில் நிஜமாகவே நடக்கும். பிறகு தோட்டாவை வெளியே எடுத்து, அதன் அடியில் உள்ள கேப்பைப் பாருங்கள். நடுவில் ஆழமான பள்ளம் இருந்தும் வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவில். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஊசி வழியில் பிசுக்கு. பள்ளம் ஓரமாக விழுந்திருந்தால் ஊசி வளைந்திருக்கிறது, அல்லது 1-ஆம் சோதனையில் கண்ட ஆட்டமே காரணம்.

பிசுக்கு என்றால் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். கீழ்நாட்டில் நன்றாக இருந்த துப்பாக்கி ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பரில் வெடிக்காமல் போனால் வேறு மர்மம் தேட வேண்டாம். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் காய்ந்த பின் இரும்பை மொட்டையாக விட்டுவிடும். கழுவிய பிறகு துப்பாக்கி எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ ஒரு துளி போதும். கரிமருந்துக் கசடுக்குச் சோப்பும் வெந்நீரும்தான் மருந்து, அன்றே கழுவ வேண்டும், நன்றாகக் காய வைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

தோட்டாவின் பக்கத்தில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. காகித உறைத் தோட்டா மழைக்காலத்தில் ஊதும். அழுத்தித் திணித்தால் உள்ளே போகும், வெளியே வராது. தோல் உறையில் மாதக்கணக்கில் வைத்த பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். அதைச் சுரண்டிப் பயன்படுத்தக் கூடாது. மூன்றாவதுதான் கண்ணுக்கே தெரியாதது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை 65 மி.மீ. நீளம். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டா. அந்த அளவு வெடித்து விரிந்த பிறகு உறை இருக்கும் நீளம், மடிந்த நிலையில் குட்டையாக இருப்பதால் சுகமாக உள்ளே போய்விடும். வெடிக்கும்போது வாய் மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். போகிறதே என்று போடாதீர்கள். குழலின் அடியில் உள்ள முத்திரையில் அறை நீளம் இருக்கிறதா, புகையில்லா மருந்துக்குச் சோதித்த 'நைட்ரோ புரூஃப்' அல்லது 'என்பி' குறி இருக்கிறதா என்று பாருங்கள். குழலில் பாய் பின்னியதுபோல் முறுக்குக் கோடுகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், இன்றைய தோட்டாவுக்கு அல்ல. விளக்க வேண்டிய அவசியமில்லாத இன்னொன்று: .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் வெவ்வேறு. 20 போர் தோட்டா 12 போர் குழலில் வழுக்கி நடுவில் போய் நிற்கும், அதன் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும்.

வழக்கமான சத்தம் வராமல் "புஸ்" என்று மட்டும் வந்தால் அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள். தக்கையோ குண்டோ குழலுக்குள் நிற்கிறது. காலியாக்கிவிட்டுக் கம்பி விட்டுப் பாருங்கள்.

சரிசெய்வதா, விட்டுவிடுவதா

ஸ்பிரிங், ஊசி, பிசுக்கு, தேய்ந்த நிப்பிள் — இவ்வளவுதான் என்றால் சரிசெய்யலாம், செலவும் கட்டுப்படும். ஆட்டம் கண்ட கீலையும் கை தேர்ந்தவர் முளை மாற்றிச் சரிசெய்வார். உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் பொட்டு வைத்து இறுக்கிக் கொடுப்பதைச் சரிசெய்தது என்று சொல்ல முடியாது. வெப்பத்தில் அந்த எஃகு தன் பதத்தை இழக்கிறது, சில மாதத்தில் மறுபடி ஆடும். இணைப்புப் பட்டை விட்டது, சுவர் மெலிந்தது, குழல் வீங்கியது என்றால் வேறு குழல் தேடுவதில் பொருளில்லை. அந்தத் துப்பாக்கியின் வேலை முடிந்தது.

ஆணியைத் தேய்த்து ஊசி செய்து மாட்டிய துப்பாக்கிகள் கிராமங்களில் நிறைய உண்டு. மெல்லிரும்பு ஊசி ஒன்று மழுங்கும், அல்லது கேப்பைத் துளைத்து எரிவாயுவை முகத்துக்கே திருப்பும். அதோடு உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது 5-ஆம் பிரிவை மீறுவது. அதற்கான தண்டனை 7 ஆண்டில் தொடங்குகிறது. வாய்ப்பக்கம் வீங்கியதை "நாலு அங்குலம் வெட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். குழலைக் குட்டையாக்குவது 6-ஆம் பிரிவின்படி தனி உரிமம் இல்லாமல் செய்யக் கூடாதது.

பழுதுக்குக் கொடுக்கும்போது துப்பாக்கி காலியாக, உறையில், உரிமப் புத்தகத்தோடு போக வேண்டும். பழுதுகாரரின் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள், தயங்க வேண்டாம். எண், தேதி, என்ன பழுது என்று எழுதிய ரசீது இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். அதுவரை துப்பாக்கி எங்கே என்று போலீஸ் கேட்டால் அந்த ரசீதுதான் பதில்.

விட்டுவிடுவது என்றால்

எளிதானது ஆயுத விற்பனையாளரிடம் கொடுப்பது. விலை குறைவாகத்தான் வரும். பழுதான 12 போருக்கு வாங்குவோர் அரிது. நேரடியாக வேறொரு உரிமதாரருக்கு விற்கலாம். ஆனால் வாங்குபவர் பெயர், முகவரியோடு ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கை மாற வேண்டும். குறைகளை எழுதிக் கொடுத்து விற்பதே மரியாதை. 5-ஆம் சோதனையில் தோற்ற துப்பாக்கியைச் சொல்லாமல் விற்பவரை என்னவென்று சொல்வது?

சிலர் விற்க மாட்டார்கள், தாத்தா ஞாபகமாகக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பார்கள். 45-ஆம் பிரிவில் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது. வழக்கொழிந்த மாதிரி, தொன்மை மதிப்புள்ளது, அல்லது பழுதடைந்தது என்றால், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் அதற்குச் சட்டம் பொருந்தாது. "பழுதுபார்த்தாலும்" என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். ஊசியைக் கழற்றிவிட்டேன், குழலில் ஈயம் ஊற்றிவிட்டேன் என்பதெல்லாம் இதற்குப் போதாது, ஊசியைத் திரும்ப மாட்டலாம். அந்த நிலையை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. உரிமம் தரும் அலுவலகத்தில் மனு கொடுத்து, எழுத்தில் ஆணை வாங்கிய பிறகு மாட்டுங்கள். அதுவரை உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

முடிவெடுக்க நேரம் வேண்டும் என்றால் வைப்பில் கொடுக்கலாம். காவல் நிலையத்தில் அறை ஈரமாக இருக்கும், பத்து துப்பாக்கி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்கும். தேர்தல் காலத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கிய எவருக்கும் இது தெரியும். விற்பனையாளரிடம் வைத்தால் வாடகை உண்டு, ஆனால் இரும்பு பிழைக்கும். எங்கே வைத்தாலும் குழலின் உள்ளும் புறமும் கிரீஸ் தடவி, எண்ணும் நிலையும் எழுதிய ரசீது வாங்கி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதித்த காலத்துக்குள் திரும்ப வாங்காமலோ விற்காமலோ விட்டால் அது அரசுக்குப் பறிமுதலாகும். சிலருக்கு அதுவே வேண்டியதாக இருக்கலாம். அப்படியானால் காத்திருக்காமல் ஒப்படைப்பு மனுவை எழுதிக் கொடுத்துவிடலாம், உரிமத்தை ரத்து செய்யவும் அதே மனுவில் கேட்கலாம்.

துப்பாக்கி போன பிறகு வீட்டில் மிஞ்சுவது தோட்டா. அலமாரி அடியில் ஒரு பெட்டி, மேசை இழுப்பறையில் நாலு, வெடிக்காமல் எடுத்து வைத்தது இரண்டு. உரிமம் போனால் அவற்றை வைத்திருப்பதும் சட்டவிரோதம்தான். எரிக்கவோ உடைக்கவோ கிணற்றில் போடவோ வேண்டாம். எண்ணிப் பட்டியல் எழுதி, துப்பாக்கியைக் கொடுக்கும் அதே நாளில், அதே ரசீதில் ஏற்றிக் கொடுங்கள். வெடிக்காதவற்றைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே அப்படியே எழுதியும் வையுங்கள்.